இளைத்தேன் என்னும் தாய்

‘இனி என்னால் இயலாது’ என்று ஒரு தாய் சொல்வது குறையாகுமோ? பெரியாழ்வார் திருமொழி முதற்பதிகத்தின் ஒன்பதாம் பாசுரத்தில் இதற்கு விடை காண்கிறோம். தொட்டிலிலிட்டால் உதைக்கிறான், எடுத்தால் இடுப்பு நோகிறது, அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். வலிவின்றி இளைத்ததை யசோதைப் பிராட்டி மற்றொருத்தியிடம் வாய்விட்டுச் சொல்கிறாள். ஆழ்வார் அவள் பாவனையில் நின்று அச்சோர்வையே பாசுரமாக்கியருளினார். சோர்வைச் சொல்லியும் பிள்ளையை விடாமையே தாயின் வலிமை.

சரணாகதிக்கும் கைம்முதலின்மையாகிய ஆகிஞ்சந்யமே அதிகாரம். கட்ட முயன்று களைத்த தாய்க்கு இரங்கியன்றோ எம்பெருமான் கயிற்றுக்குக் கட்டுண்டான்!

ஆகவே தாய்மாரின் பொறுமையைப் புகழ்வதோடு நம் கடமை முடியாது. ‘இளைத்தேன்’ என்ற சொல் செவியில் விழுந்தால் உபதேசம் வேண்டா. பிள்ளையைச் சற்றே நம் கையில் வாங்கிக்கொள்வதே கைங்கர்யம்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.