நட்டத்தை ஏற்காதவன் லாபம் பெறக் கூடுமா?

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, கோவை கோட்டைமேட்டுச் சகோதரர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், மகளின் நிகாஹுக்காகக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். வட்டி வேண்டாம். ஏற்ற இறக்கம் இல்லாமல் மாதாமாதம் ஒரு தொகை வருகிற ஹலாலான முதலீடு ஏதும் உண்டா?"

அவருடைய பேணுதல் மகிழ்ச்சி தந்தது. ஆனால், அவர் கேட்டது என்ன? முதலும் குறையக் கூடாது, லாபமும் நிச்சயம் வேண்டும் என்றால், எந்தப் பெயர் சூட்டினாலும் அது வட்டியின் குணமே அல்லவா? பொருளின் பொறுப்பைச் சுமப்பவருக்கே அதன் ஆதாயம் உரியது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முளாரபா கூட்டில் நட்டம் வந்தால் பணம் போட்டவர் பணத்தை இழக்கிறார். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். ஆக, ஏற்ற இறக்கம் ஹலாலான வணிகத்தின் குறை அன்று. வணிகத்தின் இயல்பே அதுதான்.

இதை மறந்ததால் நம் கொங்கு மண் பட்ட பாடு கொஞ்சமா? 2009-இல் திருப்பூரின் பாசி நிதி நிறுவனம். 2012-இல் பெருந்துறையின் ஈமு கோழிப் பண்ணை. 2019-இல் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனமோ 'ஹலால்' என்ற சொல்லையே தூண்டிலாக்கி நம்மவர்களின் சேமிப்பை விழுங்கியது. பாசி வழக்கில் 2022-இல் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தீர்ப்பு வர 13 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை குடும்பங்களின் காரியங்கள் நின்றுபோயினவோ!

உண்மையான வணிகம் எப்படியிருக்கும் என்பதை நம் நூல் வியாபாரிகள் அறிவார்கள். 2022 மே மாதத்தில் ஒரு கண்டிப் பஞ்சு லட்ச ரூபாயைத் தாண்டியது. பிறகு விலை பெரிதும் இறங்கியது. பங்குச் சந்தையும் அப்படியே. 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்ட மும்பைக் குறியீடு, மார்ச்சில் 26,000-க்கும் கீழே வீழ்ந்தது. 2021 ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது. அஞ்சி விற்றவர்கள் நட்டத்தோடு வெளியேறினர்; பொறுத்தவர்கள் மீண்டனர். எல்லா இறக்கமும் இவ்வளவு விரைவில் மீளும் என்று எவராலும் வாக்களிக்க முடியாது. ஆகவே, பொறுமை காப்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டை யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். செழித்த ஏழு ஆண்டுகளின் விளைச்சலில் உண்பது போக மீதியைக் கதிரிலேயே விட்டுவைத்து, பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளை எதிர்கொள்ள வழி சொன்னார்கள். இது தவக்குலுக்கு முரண் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியல்லவா?

முதலில் கடனை அடையுங்கள். சில மாத வீட்டுச் செலவைத் தனியே வையுங்கள். ஸகாத்தை ஆண்டுதோறும் கணக்கிட்டுக் கொடுங்கள். நீண்ட காலம் தேவைப்படாத பணத்தை மட்டும், ஆகுமான தொழில்களில், சிறுகச் சிறுக, ஒரே இடத்தில் குவிக்காமல் இடுங்கள். வதந்தியை நம்பிக் காலையில் வாங்கி மாலையில் விற்பது வணிகத்தைச் சூதாட்டத்தின் வாசலுக்கே இட்டுச்செல்லும்.

அந்தச் சகோதரரிடம், "மகளுக்கு வயதென்ன?" என்று கேட்டேன். "அடுத்த ஆண்டு நிகாஹ்" என்றார். "அப்படியானால் அந்தப் பணத்தைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். பெருகாவிட்டாலும் குறையாமல் இருக்கட்டும்" என்றேன்.

பேராசையிலிருந்தும் பதற்றத்திலிருந்தும் நம்மைக் காத்து, நம் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.