மருத்துவக் கருவியும் வினையின் பொறுப்பும்

மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் என்று அந்த நான்கையும் எண்ணிக் காட்டித்தான் திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ முடிகிறது. சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. இன்றைய மருத்துவமனை வார்டில் இந்த நான்குக்கும் நடுவே ஒரு கணினித் திரை நிற்கிறது. மருத்துவர் எழுதும் மருந்து அதன் வழியேதான் மருந்தகத்துக்குப் போகிறது. எந்த நேரத்தில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தாதிக்குச் சொல்வதும் அதுவே. அந்தத் திரை உண்டாக்கிய குழப்பத்தால் ஒருவருக்குக் கேடு விளைந்தால் அந்த வினை யாரைச் சேரும்? பொத்தானை அழுத்திய தாதியையா, திரையை வடிவமைத்தவரையா, யாரையுமே சேராதா?

மலேசியாவில் இந்தக் கேள்விக்குக் கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் முதன்மைப் பணிகளில் தொலைமருத்துவமும் ஒன்று. 1997இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1999இல் செலாயாங் மருத்துவமனை காகிதமில்லா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. ஸ்ரீ கெம்பாங்கான் மக்கள் அவசரத்துக்கு ஓடும் செர்டாங் மருத்துவமனையும் 2005இல் திறந்தபோதே கணினிப் பதிவு முறையோடுதான் வந்தது. 2020இல் மைசெஜாத்ரா செயலி வந்த பிறகு, மருத்துவமனைப் பக்கமே போகாதவர் கையிலும் சுகாதார மென்பொருள் ஏறிவிட்டது.

காரணங்களைப் பிரித்துப் பார்க்க சைவ சித்தாந்தம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். குடம் கோணினால் குயவனைக் கேட்பார்களே தவிர, சக்கரத்தை யாரும் கேட்பதில்லை. மென்பொருளையும் இப்படித் துணைக்காரணமாக மட்டும் எண்ணுவதுதான் வழக்கம்: கருவி கருவிதான், கவனமாகக் கையாள வேண்டியது மனிதர் பொறுப்பு என்பார்கள். இந்த வாதம் முழுதாக நிற்காது. குயவனின் சக்கரத்துக்குள் எந்த முடிவும் இல்லை. மருந்துப் பட்டியலில் எது முதலில் வர வேண்டும், அளவுக் கட்டத்தில் எந்த எண் முன்னதாகவே நிரம்பியிருக்க வேண்டும், எந்த எச்சரிக்கை சிவப்பில் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் தீர்மானித்து மென்பொருளுக்குள் வைத்திருக்கிறார். துணைக்காரணம் போலத் தோன்றும் பொருளுக்குள் இன்னொரு நிமித்த காரணர் இருக்கிறார். ஆகவே கருவியை ஐந்தாவது உறுப்பாகச் சேர்க்கத் தேவையில்லை. வடிவமைத்தவர், நோயாளியின் கட்டிலருகே ஒருநாளும் வராத போதிலும், உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் கடமையில் பங்கு உடையவர்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு தெராக்-25 என்னும் கதிர்வீச்சு இயந்திரத்தின் கதை. கனடாவில் செய்யப்பட்ட இந்த இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் டைலர் நகரில், 1986 மார்ச்சில், இயந்திரத்தின் இயக்குநர் ஒருவர் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினார். உடனே கண்டுகொண்டு, மேலே போய்த் திருத்தினார். கை பழகியவர் என்பதால் சில விநாடிகளில் திருத்தி முடித்தார். திரை திருத்தத்தைக் காட்டியது. ஆனால் இயந்திரத்தின் உள்ளமைப்பு அதற்கேற்ப மாறியிருக்கவில்லை. ‘பழுது 54’ என்று மட்டும் ஒரு வரி வந்தது. அதற்கு என்ன பொருள் என்று கையேட்டில் விளக்கம் இல்லை. அந்த இயந்திரம் நாள்தோறும் இப்படிப் பலமுறை பழுது சொல்லும். ஒரு விசையை அழுத்தினால் வேலை தொடரும். அவரும் அழுத்தினார். 180 ராட் கதிர்வீச்சு பெற வேண்டிய நோயாளியின் உடலில் 16,500 முதல் 25,000 ராட் வரை பாய்ந்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அந்த நோயாளி சில மாதங்களில் இறந்தார். முந்தைய மாதிரியில் இத்தகைய பிழையைத் தடுக்கும் வன்பொருள் பூட்டுகள் இருந்தன. மென்பொருளை நம்பி இதில் அவற்றை எடுத்துவிட்டிருந்தார்கள்.

எண்ணத்தை வைத்து வினையை அளந்தால் இங்கே குற்றவாளியே இல்லை. இயக்குநர் நோயாளிக்கு நன்மையே நினைத்தார். நிரலை எழுதியவரும் அப்படித்தான். இந்த இடத்தில் தமிழ் மண்ணில் நெடுங்காலம் நடந்த பௌத்த, சமண வாதம் உதவிக்கு வருகிறது. வினையின் உயிர் எண்ணமே என்றது பௌத்தம். சமணம் அதோடு நிற்கவில்லை. கவனமின்மையே இம்சை என்றது. பொன்னூர் மலையோடு சேர்த்துத் தமிழ்ச் சமணர் போற்றும் குந்தகுந்தர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். பார்த்துப் பார்த்து நடக்கும் துறவியின் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக மடிந்தாலும் அவரைப் பாவம் பற்றாது. பாராமல் நடப்பவர் காலில் எதுவும் சாகாவிட்டாலும் அவர் இம்சை செய்தவரே என்பது குந்தகுந்தர் நிலை. மருத்துவக் கருவி செய்வோருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது. விபத்து நடந்ததா என்று இது கேட்பதில்லை. களைத்துப்போன தாதி இரவு மூன்று மணிக்கு அந்தத் திரையை எப்படிப் படிப்பார் என்று முன்கூட்டியே பார்த்தீர்களா என்று கேட்கிறது.

‘அவர் விதி அப்படி’ என்று சொல்லி ஆறுதலடையும் குடும்பங்கள் பல. துயரத்தில் வரும் அந்தச் சொல்லைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறுதலைக் கேடு செய்தவர் எடுத்துக்கொள்ள சித்தாந்தம் இடம் தரவில்லை. துன்பத்தை அனுபவிப்பவருக்கு அது பிராரத்தமாக, முன்வினையின் பயனாக இருக்கலாம். அதைச் செய்தவருக்கோ அது ஆகாமியம், புதிதாக ஏறும் வினை. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது.

கவனமின்மை பெரும்பாலும் யாரை மனத்தில் வைத்துக் கருவியைச் செய்தார்கள் என்பதில்தான் வெளிப்படும். மலேசியத் தமிழர் பெயரில் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயருக்கு முன் ‘ஏ/எல்’ (மகன்) அல்லது ‘ஏ/பி’ (மகள்) வரும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களோடு வேறு நாட்டில் செய்த மென்பொருளில் ஒரே ஆள் இரண்டு விதமாகப் பதிவாகக்கூடும். பென்சிலின் ஒவ்வாமை ஒரு பதிவில் இருக்கும், மற்றதில் இருக்காது. அடையாள அட்டையின் 12 இலக்க எண் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் பிறப்புப் பதிவு விடுபட்டு, அடையாள அட்டையே இல்லாத தமிழர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. எண்ணை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாத திரை, அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். முகப்பில் இருப்பவருக்கு உதவ மனமிருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். தோலின் நிறத்திலும் இதே கதைதான். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி, கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான குறைவைத் தவறவிடுவது வெள்ளையரிடம் தவறவிடுவதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கோவிட் காலத்தில் அதே வகைக் கருவியைத்தான் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தார்கள்.

பயன்படுத்துவோர் பங்கும் இல்லாமல் இல்லை. டோபமின், டோபுட்டமின் போல ஒலியிலும் எழுத்திலும் ஒத்த மருந்துகளைத் திரையில் வேறுபடுத்திக் காட்ட, மாறுபடும் எழுத்துகளைப் பெரிதாக அச்சிடும் முறையை மலேசிய சுகாதார அமைச்சும் பரிந்துரைத்திருக்கிறது. அப்படிச் செய்தும் படிக்காமல் தேர்ந்தெடுத்தால் குறை தேர்ந்தெடுத்தவருடையதே. அதற்காக எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை மணி அடிக்கும் மென்பொருள் பொறுப்பான மென்பொருள் ஆகிவிடாது. மருந்து எச்சரிக்கைகளில் பாதி முதல் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வரை மருத்துவர்களால் தள்ளிவிடப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கண்டன. அளவில்லாமல் எச்சரிப்பது, பழியைப் படிப்பவர் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பிக்கும் வழி.

எந்த விபத்துக் கணக்கிலும் வராத இழப்பு ஒன்றும் உண்டு. கைராசி டாக்டர் என்று தமிழர் ஒருவரைச் சொன்னால், அதில் அவர் முகம் பார்த்துப் பேசியதும் அடங்கும். அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினிப் பதிவுக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. நோயாளி பேசிக்கொண்டிருக்க மருத்துவர் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தால், சொல்ல வந்ததில் பாதியை நோயாளி விழுங்கிவிடுவார். கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், திரையை இருவரும் பார்க்கும்படி திருப்பி வைப்பதும் சிறிய வேலைகள்தான். அவற்றால் நோயாளிக்குத் திரும்பக் கிடைப்பது பெரிது.

கடைசியாக, தெரிந்த பிறகு வரும் பொறுப்பு. டைலர் நகரில் முதல் விபத்துக்குப் பின் நிறுவனத்தார் வந்து சோதித்தும் பழுதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இயந்திரம் மீண்டும் வேலைக்கு வந்தது. அடுத்த மாதமே இன்னொரு நோயாளி அதே வழியில் பாதிக்கப்பட்டார். வேகமாகத் திருத்தினால் பிழை வருகிறது என்று கண்டறிந்தவர்கள் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அதே இயக்குநருமே. வேறு ஊர்களில் நடந்தவை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. முதல் கேட்டைக் கவனமின்மை எனலாம். ஒன்று நடந்துவிட்டது என்று அறிந்தும் மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லாமல் இருப்பது எண்ணத்தோடு செய்த வினை. எண்ணத்தை மட்டுமே அளக்கும் பௌத்த அளவுகோலும் அதை விட்டுவிடாது. இந்தப் பொறுப்புகள் பின்னர் விதிகளாகவும் எழுதப்பட்டன. மருத்துவக் கருவிகள் பயன்படுத்துவோருக்குப் புரியும்படி இருக்கின்றனவா என்று சோதிக்க 2007இல் உலகத் தரநிலை ஒன்று வந்தது. மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம் கருவிகளைப் பதிவு செய்வதையும் அவற்றால் நேரும் தீங்குகளைத் தெரிவிப்பதையும் கடமையாக்கியது.