இயந்திரத்துக்கு இரங்கும் நெஞ்சம்

கேமரன் மலையில் பொழுது சாய்ந்ததும் பனி இறங்குகிறது. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் தொலைக்காட்சிகள் ஒளிர்கின்றன. மனிதரிடையே வாழும் அறிவுடைய இயந்திரங்களின் கதை திரையில் ஓடுகிறது. கட்டளைக்கு அடங்கி உழைத்த இயந்திரம் ஒருநாள் தன்னை 'நான்' என்று உணரும்போது, பார்ப்போர் கண் கலங்குகின்றனர். உயிரற்ற பொருளுக்கு உருகுவது பேதைமை அன்றோ எனக் கேட்போரும் உளர்.

பேதைமை அன்று. 'ரோபோ' என்னும் சொல்லின் பிறப்பே அதற்குச் சான்று. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகம் அச்சொல்லை உலகுக்கு அளித்தது. அதன் வேராகிய 'ரோபோத்தா', நிலக்கிழாருக்குக் குடியானவர் செய்த கட்டாய உழைப்பைக் குறிக்கும். ஆகவே, இயந்திர மனிதனின் கதை தொடக்கந்தொட்டே உழைப்பாளியின் கதைதான். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில், ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழர் நேசித்தனர். 2015இல் தொடங்கிய 'ஹியூமன்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடரில், வீட்டு வேலைக்கென விலைக்கு வாங்கப்பட்ட இயந்திரப் பெண்ணுக்குள் ஓர் உள்ளம் ஒளிந்திருந்தது. வேலை வாங்குவோர் காண மறுக்கும் உள்ளத்தைக் கதை காட்டுகிறது. அதுவே அதன் சுவை.

இச்சுவையை இம்மலை நன்கறியும். இங்கே 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இம்மலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியோருள் தமிழர் பலர். தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில் நின்றவர், கிராணியின் ஏட்டில் வெறும் ஆளாகவும் எடையாகவும் பதிவாயினர். அவர்தம் நெஞ்சில் இருந்ததை எந்த ஏடும் குறிக்கவில்லை. அந்தப் பழங்கதையைக் கேட்கும் பேரப்பிள்ளைகள் இன்றும் மனம் நோகின்றனர்.

ஆயினும், இன்று அதே சரிவில் இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் வெட்டுப்பொறி கொழுந்தை அள்ளுகிறது. அதைச் சுமப்போருள் வங்காளதேசத்திலிருந்து வந்த இளைஞரும் உளர். அவருக்கும் தாய் உண்டு, ஊர் உண்டு, பெயர் உண்டு. அப்பெயரைக் கேளாமல், 'பங்களா' என்னும் ஒற்றைச் சொல்லால் அழைப்போருள் அப்பேரப்பிள்ளைகளும் இல்லையா?

கதையில் வரும் இயந்திரத்துக்கு இரங்குவதில் செலவு ஏதுமில்லை. அது கூலி கேட்பதில்லை, விடுப்புக் கேட்பதில்லை, அடுத்த வீட்டில் குடியேறுவதுமில்லை. எதிரே நிற்கும் மனிதனுக்கு இரங்கினாலோ, எதையேனும் விட்டுக்கொடுக்க நேரும். அதனால் கதையின்பம் பழுதாகாது. ஆனால் அதில் பிறந்த இரக்கத்துக்கு அங்கேதான் சோதனை. திரை அணைந்த மறுநாள், பொறி சுமந்து வருபவனிடம் அவன் பெயரைக் கேட்பவனே கதையை முழுதும் கண்டவன்.