எந்த முகம் நம் முகம்?

பெருநாள் நெருங்கினால் வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் ஊர்களில் வழக்கமாக இருந்தது. ஈரம் காயாத சுவரைப் பார்த்து, "வெள்ளையே ஏறவில்லையே!" என்று வீட்டுக்காரர் அங்கலாய்ப்பார். சுண்ணாம்பு அடித்தவர் மறுமொழி கூறாமல் மட்டையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் காலையில் சுவர் தானாகவே வெளுத்து நிற்கும். சுவரின் பொருட்டு ஓர் இரவு பொறுக்கக் கற்றிருந்த நாம் முகத்தின் பொருட்டுப் பொறுப்போமா என்பது ஐயமே.

ஈராண்டுகளுக்கு முன், நம் நெருங்கிய உறவில் ஒரு பெண்ணுக்கு நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. அவளுக்குக் கண்களின் கீழே சிறு குழிவு உண்டு. அவளுடைய உம்மம்மாவுக்கும் அதே குழிவு இருந்ததை நாம் அறிவோம். திருமணத்திற்கு நாற்பது நாட்கள் இருக்கையில், தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்று அந்தக் குழிவில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழுதாள்.

"பெரியவாப்பா, கண்ணாடியப் பாக்கவே பயமா இருக்கு. யாரோ மாதிரி இருக்கேன். அல்லா குடுத்த மொகத்துல கை வச்சா இப்படித்தான்னு உம்மா சொல்றாங்க. இது அடங்கிடுமா? நான் செஞ்சது தப்பா?"

இரண்டு வினாக்களை ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். முதல் வினாவுக்கு விடை மருத்துவ நூல்களில் இருக்கிறது. இரண்டாவதற்கு அத்தனை எளிதில் விடை கிடைப்பதில்லை. எனினும், முதலாவதை அறியாமல் இரண்டாவதைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது என்று நமக்குப் பட்டது.

இன்று பெரும்பாலும் இந்த ஊசியில் செலுத்தப்படுவது ஹையலூரோனிக் அமிலம் என்னும் பொருளாகும். 1934ஆம் ஆண்டில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர் அமெரிக்காவில், மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. கண்ணாடி முன் நின்று அழும் பெண்ணின் முகத்துக்குள் இருப்பதற்கும் கண்ணாடியின் பெயர்தான் என்பது வியப்பு. இது அந்நியப் பொருளும் அன்று. எழுபது கிலோ எடையுள்ள மனித உடலில் ஏறத்தாழ பதினைந்து கிராம் இருக்கிறது; அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் நாள்தோறும் அழித்துப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. இயல்பாக இவ்வளவு விரைவில் கரைவதை மாதக்கணக்கில் நிற்கச் செய்வதற்காக, அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஊசியில் அடைக்கிறார்கள்.

இப்பொருளுக்கு நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கும் இயல்பு மிகுதி. அன்றியும், ஊசி நுழைந்த இடம் எதுவாயினும் சிறிது வீங்கத்தான் செய்யும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்களில் தெரிவது மருந்தின் உருவம் மட்டும் அன்று. மருந்தும் நீரும் காயமும் சேர்ந்த உருவம். உதடு எல்லாவற்றினும் அதிகமாக வீங்கும். இரத்தம் கன்றிய நீலம் மஞ்சளாகி மறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை ஆகும். விரலுக்குத் தட்டுப்படும் சிறு முடிச்சுகளும் பெரும்பாலும் மெல்ல இளகிவிடும். இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்திற்குள் தெரியும் முகமே உண்மையான விளைவு. அதற்குமுன் "போதவில்லை" என்று மேலும் ஏற்றிக்கொள்வதும், "கூடிப்போயிற்று" என்று அவசரமாகக் கரைக்கச் சொல்வதும் காயாத சுவருக்கு மறுபூச்சு அடிப்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும் எல்லாவற்றுக்கும் பொறுமை மருந்தாகாது. ஊசி போட்ட இடமோ அதன் சுற்றுப்புறமோ வெளிறிப்போனால், வலை பின்னியது போன்ற கருநீலத் திட்டுகள் படர்ந்தால், தாங்கொணா வலி எழுந்தால், பார்வை மங்கினால், மருந்து இரத்தக் குழாயை அடைத்துவிட்டது என்று அஞ்ச வேண்டும். அப்போது நாள் கணக்கு இல்லை, நாழிகைக் கணக்குத்தான். உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இவ்வகை மருந்தைக் கரைக்கும் நொதி ஒன்றும் உண்டு. "பொறுத்திரு, அடங்கிவிடும்" என்னும் ஆறுதல் சொல் இந்த இடத்தில் கண்ணையே பறித்துவிடக்கூடும். அந்தப் பெண்ணிடம் இந்த அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமில்லை என்று தெளிந்த பின்னரே, அவளுக்கு மருத்துவம் செய்தவரிடமும் ஒருமுறை சொல்லிவிடும்படி கூறிப் பொறுத்திருக்கச் சொன்னோம்.

அடங்கும் என்று சொல்வதற்கு இடமில்லாத காலமும் இருந்தது. வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்னும் அறுவை மருத்துவர் 1899ஆம் ஆண்டில் வாசலைன் போன்ற பொருளை உடலினுள் செலுத்திக் குறையை நிரப்பிக் காட்டினார். அதன்பின் மெழுகு ஊசி ஐரோப்பாவில் பரவியது. பேரழகி என்று புகழப்பட்ட கிளாடிஸ் டீக்கன் என்னும் அமெரிக்க மங்கை, தம் மூக்கின் வரை கிரேக்கச் சிலையைப் போல் நேராக வேண்டும் என்று விரும்பி, இருபதுகளின் தொடக்கத்தில் மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு நின்ற இடத்தில் நிற்கவில்லை. நாளடைவில் முகத்தில் கீழ்நோக்கி இறங்கி மோவாய்ப் பக்கம் கட்டி தட்டிப்போயிற்று. 1921இல் மார்ல்பரோ கோமகனை மணந்து பிளெனிம் மாளிகைக்கு அரசியானார். 1977இல் மறைந்தார். அம்மாளிகைத் தோட்டத்தில் பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட இரண்டு உருவங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு வைத்திருப்பது கிளாடிஸின் முகம். ஈயத்தில் வார்த்த அந்த முகத்தில் எதுவும் இறங்கவில்லை.

ஈராயிரமாவது ஆண்டுக்குப் பின் வந்த கதை வேறு. எச்.ஐ.வி. நோயாளிகள் பலருக்கு, நோயாலும் அன்றைய மருந்துகளாலும் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போனது. மருந்தால் உயிர் பிழைத்தவரை அவருடைய கன்னமே தெருவில் காட்டிக்கொடுத்தது. வேலைக்குச் செல்லவும் விருந்துக்குச் செல்லவும் அவர்கள் நாணினர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாலிலாக்டிக் அமில ஊசியை இவர்களுக்காக அனுமதித்தது. அது அடங்கும் விதம் விந்தையானது. ஊசி போட்ட அன்று கன்னம் நிறைந்து தோன்றும். சில நாட்களில் கலந்திருந்த நீர் வற்றியதும் பழையபடி ஒட்டிவிடும். ஏமாந்தோம் என்று நோயாளி எண்ணுவார். பிறகு வாரங்கள், மாதங்கள் கடக்க, உடல் தானே நார்ச்சத்தை நெய்து கன்னத்தைச் சிறிது சிறிதாக நிரப்பும்.

இந்த நோயாளி செய்தது தவறு என்று யார் சொல்வார்? அர்ஃபஜா என்னும் நபித்தோழர் குலாப் போரில் மூக்கை இழந்து வெள்ளியால் மூக்கு செய்து வைத்துக்கொண்டார். அது நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்துகொள்ள நபிகள் பெருமானார் (ஸல்) அவருக்கு வழி காட்டினார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி கிடைத்தது. மறுபுறம், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்வதைக் கடிந்துரைத்த அறிவிப்பும் உண்டு. குறை தீர்ப்பது வேறு, படைப்பை மாற்றுவது வேறு என்று மார்க்க அறிஞர்கள் இவ்விரண்டையும் வைத்துப் பிரித்துப் பேசுவர். நம் வீட்டுப் பெண்ணின் கண்ணடிக் குழிவு இவற்றுள் எந்தப் பக்கம் சேரும்? ஃபத்வா சொல்லும் தகுதி நமக்கில்லை. அதற்குரியவர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்வோம்: உம்மம்மாவின் கண்ணைக் குறை என்று அவள் வாழ்ந்த காலத்தில் எவரும் சொன்னதில்லை. அந்தச் சொல் எப்போது நம் வீட்டுக்குள் நுழைந்தது என்று அவளுடைய உம்மாவும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். மகளைக் கடிந்த அதே வாய், பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு, "கண்ணு கொஞ்சம் களைப்பாத் தெரியுது" என்று சொன்ன வாய்தான்.

வீக்கம் வடிந்தது. நிக்காஹ் நாளில் அவள் முகம் அவள் முகமாகவே, சற்றே தெளிந்து இருந்தது. வந்தவர்கள் மணப்பெண் நன்றாக உறங்கி எழுந்தவள்போல் இருப்பதாகச் சொன்னார்களே தவிர, வேறு எதையும் கவனிக்கவில்லை.

உண்மையான சோதனை பின்னர்தான் வந்தது. இந்த மருந்து நிலையானதன்று. உதட்டில் ஆறு மாதம் முதல் ஓராண்டு, கன்னத்தில் ஓராண்டுக்கும் சற்று மேல் என்று மருத்துவர்கள் பொதுவாகக் கணக்குச் சொல்வர். ஆயினும், காந்த அலைப் படங்களில் சிலருடைய முகத்தில் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது எஞ்சியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். போய்விட்டது என்று கண்ணாடி சொல்லும்போதும் உள்ளே கொஞ்சம் இருக்கக்கூடும். அதன்மேல் மீண்டும் ஏற்றினால் முகம் மெல்ல மெல்லப் பருத்துப்போகும். நம்மை அதிகம் கலங்க வைப்பது மனம் செய்யும் கணக்குத்தான். ஊசி போட்ட முகத்தைச் சில மாதங்கள் பார்த்துப் பழகியதும், அதுவே தன் முகம் என்று மனம் பதிந்துவிடுகிறது. மருந்து குறையக் குறையத் தான் பிறந்த முகத்துக்குத் திரும்புகிறோம் என்று அவள் நினைப்பதில்லை; நாளுக்கு நாள் கெட்டு வருகிறோம் என்று நினைக்கிறாள். கடன் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கையில் திருடு போனதாக அழுவதைப் போன்றது இது.

பதினான்கு மாதம் கழித்து அவள் வந்தாள். கைக்குழந்தை தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. "மறுபடியும் போயிடுச்சு, பெரியவாப்பா. முன்னாடி இருந்ததவிட மோசமா இருக்கு. அடுத்த வாரம் போகலாம்னு இருக்கேன்" என்றாள்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. நிக்காஹ் பேச்சு எழுவதற்கு முன் அவள் கல்லூரியில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று நம் வீட்டு அலமாரியில் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தோம். அதில் கண்ணடிக் குழிவு இப்போதுள்ளதைவிட ஆழமாகவே இருந்தது. அவள் படத்தைச் சன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது நான்தானா?" என்றாள். "அப்ப நல்லாத்தானே இருந்திருக்கேன்."

குழந்தை விழித்துச் சிணுங்கியது. அதைத் தேற்றியபடியே படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். அடுத்த வாரம் போனாளா என்று நாம் கேட்கவில்லை.