கட்டி வைப்பதா? காத்து நிற்பதா?

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. அறந்தாங்கியில் ஜும்ஆ முடிந்து ஜமாஅத் கலைந்துகொண்டிருந்தது. கடைவீதியில் சிறு வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர், எல்லோரும் போகட்டும் என்று தூணோரம் காத்திருந்தார். பிறகு அருகில் வந்து தாழ்ந்த குரலில், "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். பெத்த அத்தாவை ராத்திரியில கட்டிலோட கட்டி வைக்கலாமா? பாவமாயிடுமா?" என்று கேட்டார்.

அவருடைய தந்தையார் எண்பதைக் கடந்தவர். வாலிபத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய்ச் சம்பாதித்து வந்தவர். சில ஆண்டுகளாக, டிமென்ஷியா என மருத்துவர்கள் சொல்லும் மறதி நோய் அவரைப் பிடித்திருக்கிறது. மனைவியைப் பார்த்து "யாரும்மா நீ?" என்கிறார். நடுநிசியில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "கப்பலுக்கு நேரமாச்சு" என்று புறப்பட்டுவிடுகிறார். ஒருமுறை பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தார்கள், மறுமுறை கண்மாய்க்கரையில். பகலெல்லாம் கடை, இரவெல்லாம் காவல் என்று மகனும் அந்த மூதாட்டியும் கண்மூடி உறங்கிப் பல மாதங்களாகிவிட்டன.

கிதாபுகளில் ஓதியதை நாம் சொன்னோம். நிர்ப்பந்தம் வரும்போது தடுக்கப்பட்டதும் ஆகும். ஆனால் அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே ஆகும். உயிருக்கு ஆபத்து என்ற நேரத்தில், வலிக்காமல், இரவுக்கு மட்டும் என்று நிபந்தனைகளையும் அடுக்கினோம். அவர் ஸலாம் கூறிச் சென்றார். கேட்டவருக்கு விடை சொல்லிவிட்ட நிம்மதியோடு நாமும் வீடு திரும்பினோம்.

ஒரு மாதம் கழித்து, நலம் விசாரிக்க அவர் இல்லம் சென்றோம். அஸருக்குச் சற்று முந்திய நேரம். பெரியவரின் கணுக்காலில் துணிக்கயிறு கட்டப்பட்டிருந்தது. இரவுக்கென்று வாங்கிய அனுமதி பகலுக்கும் வந்துவிட்டிருந்தது. அப்போது பாங்கு ஒலித்தது. பெற்ற பிள்ளையின் பெயரை மறந்த அந்த மனிதருக்குப் பாங்கு மறக்கவில்லை. உளூச் செய்ய எழுந்தார். கயிறு எட்டிய தூரத்தில் நின்றுவிட்டார். நம்மைப் பார்த்து, "தம்பி, இதைக் கொஞ்சம் அவுத்து விடுங்க, ஜமாஅத் போயிடும்" என்றார்.

நாம் கொடுத்த ஃபத்வா அவர் காலில் கிடந்தது.

அன்றிரவு நம்மால் உறங்க முடியவில்லை. சட்டத்தில் நாம் பிழை செய்யவில்லை. ஆனால் நிர்ப்பந்தம் என்று மகன் சொன்னபோது, அந்த நிர்ப்பந்தத்தை உண்டாக்கியவர் யார் என்று நாம் கேட்கவில்லையே!

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களுடைய காலத்தில் நடந்த ஒரு வழக்கை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள். ஹாத்திப் குடும்பத்தாரின் அடிமைகள், ஒரு மனிதருடைய ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டார்கள். தண்டிக்க முனைந்த கலீஃபா அவர்கள், இவர்களை நீர் பட்டினி போட்டிருக்கிறீர் என்று எஜமானரைக் கடிந்தார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று உரியவர் சொன்னபோது, 800 திர்ஹம் கொடுக்கும்படி எஜமானருக்கே உத்தரவிட்டார்கள். பசித்தவனை நிர்ப்பந்தத்தில் தள்ளியவன் எவனோ, குற்றத்தின் பாரமும் அவன் மீதே விழுந்தது. இந்த நீதியை அந்தத் துணிக்கயிற்றுக்குப் பொருத்திப் பாருங்கள். மகனுடைய நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது? ஓர் இரவேனும் துணைக்கு வர ஆளில்லை என்பதிலிருந்து வந்தது. ஆளில்லாமற் செய்தவர்கள் யார்? மஹல்லாவாசிகளாகிய நாம்!

அறிவு பெற்ற பின் ஒன்றுமே அறியாத நிலைக்குச் சிலர் திருப்பப்படுகிறார்கள் என்று திருமறை, அந்நஹ்ல் அத்தியாயத்திலும் அல்ஹஜ் அத்தியாயத்திலும் நினைவூட்டுகிறது. அந்தத் தள்ளாத பருவத்தை விட்டு நம் நாயகம் (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். சித்தம் தெளியாதவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பதும் நாமறிந்த ஹதீஸே. அந்த எழுதுகோல் உயர்ந்தது அவரை விட்டும்தான். அவரைச் சூழ்ந்திருக்கும் நம்மை விட்டும் அல்ல. அவருடைய கடமைகள் நீங்கின. அவருடைய உரிமைகளில் ஒன்றும் நீங்கவில்லை.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சி நம் உள்ளத்தை உருக்குகிறது. புத்தியில் ஏதோ குறையுள்ள ஒரு பெண்மணி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். எந்தத் தெருவில் வேண்டுமோ அந்தத் தெருவுக்கு வருகிறேன் என்று கூறி, அவருடன் சென்று, அவர் தேவை முடியும் வரை உடனிருந்தார்கள் அண்ணலார். அரசும் படையும் வஹீயும் சுமந்த அந்தத் திருமேனிக்கு அதற்கு நேரமிருந்தது. தெருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார்கள். நமக்கு வழிகாட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

சங்கிலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் தூரத்தில் தேட வேண்டியதில்லை. மீமிசல், தொண்டி வழியாகக் கடலோரமாய்த் தெற்கே சென்றால் ஏர்வாடி வந்துவிடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், அங்கே தர்காவைச் சூழத் தனியார் நடத்திவந்த காப்பகங்களில் ஒன்றில் தீப்பற்றியது. ஓடிவிடக்கூடாது என்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வீட்டில் காக்க முடியாமல், யாரும் கைகொடுக்காமல் களைத்துப்போன தாய் தந்தையரும் உடன்பிறந்தோருமே அவர்களில் பலர். அந்தக் கோரத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்துவிட்டது. சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்றும், அவரைச் சிறையிலோ லாக்கப்பிலோ வைக்கலாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது.

சரி, காவலுக்கு ஆகும் செலவு யாருடையது? இதே கேள்வி ஜப்பானில் நீதிமன்றம் வரை சென்றது. 2007 டிசம்பரில், ஓபு என்னும் ஊரில் மறதி நோய்கண்ட 91 வயது முதியவர் ஒருவர், 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த வேளையில் வெளியேறி ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில்கள் தாமதமானதற்காக அந்தக் குடும்பத்திடம் சுமார் 72 லட்சம் யென் நஷ்டஈடு கோரியது ரயில் நிறுவனம். கீழ்நீதிமன்றம் கட்டச் சொன்னது. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம்தான் குடும்பத்தாரை விடுவித்தது. பிறகு கோபே நகரம் ஒரு வழி கண்டது. 2019 முதல் நகரவாசிகளின் வரியில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 400 யென் கூட்டி, அந்த நிதியிலிருந்து மறதி நோய்ப் பரிசோதனைக்கும் நோயாளிகளால் நேரும் விபத்துகளின் ஈட்டுத்தொகைக்கும் வழி செய்தது. ஒரு வீட்டை அழுத்திய சுமையை ஊரே பகிர்ந்துகொண்டபோது அது சிறு தொகையாகிவிட்டது.

அமெரிக்காவில் ஆட்டிசம் குறைபாடுள்ள இரு சிறுவர்கள் வழிதவறிச் சென்று நீரில் இறந்தார்கள். 9 வயது கெவின் 2008இலும், 14 வயது அவோன்டே 2013இல் காணாமற் போயும் மாண்டார்கள். அவர்கள் பெயராலேயே 2018இல் ஒரு சட்டம் இயற்றி, இப்படி வழிதவறுவோரைத் தடுக்கவும் தேடவும் உள்ளூர்க் காவல்துறைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அரசு நிதி கொடுக்கிறது. ஆட்டிசப் பிள்ளைகளில் பலரைத் தண்ணீர் ஈர்க்கிறது என்கிறார்கள். ஊருணியும் குளமும் கண்மாயும் நிறைந்த நம் பக்கத்தில் இது எத்துணை பெரிய எச்சரிக்கை!

நம் முன்னோர்கள் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். 1154இல் திமஷ்கில் நூருத்தீன் அவர்களும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அவர்களும் எழுப்பிய மருத்துவமனைகள் வக்ஃபு வருமானத்தில் நடந்தன. சித்தம் கலங்கியோருக்கும் அங்கே இடமிருந்தது. திமஷ்கில் அவர்கள் சங்கிலியில் இருக்கக் கண்டதாக இப்னு ஜுபைர் எழுதியிருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்று அவர்களிடம் வேறு வழி இருந்ததோ இல்லையோ, இன்று நம்மிடம் இருக்கிறது.

பணத்தில் பேணுதல் வேண்டும். நோயாளிக்குச் சொந்தச் சொத்திருந்தால் முதலில் அதிலிருந்தே செலவிட வேண்டும். புத்தி குறைந்தோருக்கு அவர்கள் பொருளிலிருந்து உணவும் உடையும் அளித்து, நல்ல சொல்லும் சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயம் பணிக்கிறது. அடுத்த பொறுப்பு பிள்ளைகளுடையது. மகன் தன் ஜகாத்தைத் தந்தைக்குக் கொடுக்கலாகாது. இருவரிடமும் இல்லையென்றால், ஏழையான நோயாளிக்குப் பிறருடைய ஜகாத் ஆகும். அவர் சார்பில் பொறுப்பாளர் பெற்றுக்கொள்வார். பள்ளியின் வக்ஃபு வருமானத்தை, வக்ஃபு செய்தவர் குறித்த காரியத்தை விட்டு இதற்குத் திருப்பக்கூடாது. ஆகவே ஸதகாவிலிருந்து தனி நிதி ஒன்றை பைத்துல்மாலில் ஏற்படுத்துவதே குழப்பமற்ற வழி.

நம் மஹல்லாவில் இதைப் பேசியபோது ஒரு பெரியவர், "ஒரு வீட்டு விவகாரத்துக்கு ஊர்ப் பணமா? பசித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வீட்டில் மவுத்து விழுந்தால் அது அந்த வீட்டு விவகாரமா? கஃபனுக்கு நிதி வைத்திருக்கிறோம். சந்தூக் வாங்கி வைத்திருக்கிறோம். பர்ளு கிஃபாயா என்று அறிந்து தோள் கொடுக்கிறோம். உயிர் போனபின் சுமந்து செல்ல ஏற்பாடு செய்யும் ஜமாஅத், உயிரோடு நடப்பவருடன் நடக்க ஓர் ஆளை வைக்கக்கூடாதா? இது ஒரு வீட்டோடு முடியும் விஷயமும் அல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாளை அந்தக் கட்டில் நம் வீட்டிலும் கிடக்கலாம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் அல்ல. இப்படிப்பட்டவர் நம் வீட்டில் இருக்கிறார் என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்; பக்கத்து வீட்டாரும் டீக்கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநர்களும் அறிந்திருக்கட்டும். சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் தைத்து வையுங்கள். வாசற்கதவில் ஒரு மணி கட்டுங்கள். காணவில்லை என்றால் தாமதியாமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் உள்ளன. ஆட்டிசப் பிள்ளைகளுக்கு நிராமயா என்னும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு உண்டு. காணாமற்போன பொருளைப் பள்ளிக்குள் அறிவிப்பதையே ஹதீஸ் தடுக்கிறது. உயிரைக் காக்கும் அறிவிப்பு அதில் சேராது என உலமாக்கள் பலர் விளக்கியுள்ளனர். எனவே ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தயங்காதீர்கள்.

கடைசியில் நம் ஜமாஅத் ஓராண்டுக்கு மட்டும் என்று இணங்கியது. வாரத்தில் நான்கு இரவுகளுக்கு ஒருவரைச் சம்பளத்தில் அமர்த்தினார்கள். மற்ற மூன்று இரவுகளை இளைஞர்கள் முறைவைத்து ஏற்றார்கள். கயிறு அவிழ்ந்தது. பெரியவர் இப்போதும் சில இரவுகளில் புறப்படுகிறார். உடன் இருப்பவர் தடுப்பதில்லை. செருப்பை எடுத்துக் கொடுத்துக் கூடவே நடக்கிறார். பேருந்து நிலையத்தில் இருவரும் ஒரு டீ குடிக்கிறார்கள். பெரியவரே களைத்து, "வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்கும்போது திரும்புகிறார்கள். ஓராண்டு முடிந்தபின் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை.

அந்தச் சகோதரரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "ஹஜ்ரத், நீங்க சொன்னது தப்பில்ல, நாந்தான் கூட்டிக் கட்டிட்டேன்" என்றார். அப்படியல்ல. அவர் கட்டிய கயிற்றின் மறுமுனை நம் அனைவருடைய கைகளிலும் இருந்தது.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம்மில் வழி மறந்தோருக்கு நம்மைத் துணையாக்குவானாக! தள்ளாத பருவத்தின் தீங்கை விட்டும் நம்மைக் காப்பானாக! ஆமீன்.