காணாதவர் உரிமை

எதிரே நிற்பவரிடம் நல்லவராக நடந்துகொள்வது அத்துணை அரிய செயலன்று. அவருடைய முகம் நம்மைத் தடுக்கும். நம் நாணமும் நம்மைத் தடுக்கும். ஆனால், நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம், நம்மை ஒருபோதும் சந்திக்கப் போகாத ஒருவரிடம், நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே ஒழுக்கத்தின் உண்மையான உரைகல்லாகும். அரபு மொழியில் ‘அதபு’ என்னும் சொல் இலக்கியத்தையும் குறிக்கும், நன்னடத்தையையும் குறிக்கும். அதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லுக்கு விருந்து என்று பொருள். அழைப்பவர் ஒருவரும் அழைக்கப்படுபவர் ஒருவரும் இருக்கும் இடத்தில்தான் அதபு என்னும் கேள்வியே எழுகிறது என்று நாம் கருதுவதற்கு இச்சொல்லுறவு இடமளிக்கிறது.

இன்று நம் இல்லங்கள்தோறும் இணையம் நுழைந்துவிட்டது. ஊர் ஜமாஅத்துக்கு வலைத்தளம் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு உண்டு, படித்த பிள்ளைகள் தத்தம் பெயரிலும் பக்கங்கள் அமைத்துக்கொள்கிறார்கள். அங்கே அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. எனவே, அதபுக்கு அங்கே வேலையில்லை என்று எண்ணிவிடலாமா? இரண்டு சிறு செயல்களை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். ஒன்று, பிறர் தளத்திலுள்ள படத்தை நம் பக்கத்தில் இணைத்துக் காட்டுவது. மற்றொன்று, இணையத்தைக் காண்பதற்கென்று ஓர் உலாவியைத் தேர்ந்துகொள்வது.

முதலாவதன் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். நாம் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கும்போது, அதிலுள்ள படம் எழுத்தோடு சேர்ந்து வருவதில்லை. பக்கத்தில் இருப்பது படத்தின் முகவரி மட்டுமே. நம் கருவியிலுள்ள உலாவி அம்முகவரிக்குத் தனியே சென்று படத்தைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கு நடுவே வைத்துக் காட்டுகிறது. 1993-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ‘மொசைக்’ உலாவியை உருவாக்கிவந்த மார்க் ஆண்ட்ரீசன் இம்முறையை முன்மொழிந்தார். அம்முகவரி நம் தளத்தினுடையதாகவும் இருக்கலாம். உலகின் எந்த மூலையிலுள்ள தளத்தினுடையதாகவும் இருக்கலாம். எனவே, ஒருவர் தம் பக்கத்தில் பிறருடைய படத்தின் முகவரியை எழுதிவிட்டால் போதும். படம் தம்முடையதுபோல் அங்கே தோன்றும். ஆயின், ஒவ்வொரு வாசகர் பார்க்கும்போதும் அதனை எடுத்துக் கொடுக்கும் உழைப்பு, உரியவருடைய வழங்கிக் கணினியின் தலையில் விழுகிறது.

அந்த உழைப்புக்கு விலை உண்டு. படம் ஒன்று 500 கிலோபைட் அளவுள்ளது என்று கொள்வோம். அதனைப் பத்தாயிரம் பேர் பார்த்தால் 5 கிகாபைட் தரவு வெளியே சென்றாக வேண்டும். சிறு தொகை கட்டித் தளம் நடத்துபவருக்கு மாதம் இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கும் நிறுவனங்கள் உண்டு. அவ்வரம்பு கடந்தால், கூடுதல் கட்டணம் கேட்கப்படும்; அல்லது, ‘அளவு மீறியது’ என்னும் அறிவிப்போடு தளமே மூடப்படும். அவருடைய சொந்த வாசகர்கள் வந்து பூட்டிய கதவைக் கண்டு திரும்புவார்கள். படத்தைக் காட்டிப் பெயர் பெற்றவர் வேறொருவர். கதவு மூடப்பட்டது இவருக்கு. காரணம் யாரென்று இவருக்குத் தெரியாமலே போவதும் உண்டு.

இது திருட்டா? பொருள் எதுவும் இடம் மாறவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி புதியதன்று. பிக்ஹு நூல்களில் ‘கஸ்பு’ என்னும் அபகரிப்பைப் பற்றிய பாடத்தில், ஒரு பொருளையும் அப்பொருளால் கிடைக்கும் பயனையும் வேறு வேறாக வைத்து நம் இமாம்கள் ஆராய்ந்துள்ளனர். ஒருவருடைய வீட்டை மற்றொருவர் அனுமதியின்றிக் கைப்பற்றிச் சில காலம் குடியிருந்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால், குடியிருந்த காலத்துக்கு வாடகை ஈடு தர வேண்டுமா? காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின்படி, பயனும் பொருளே. ஆகவே ஈடு தர வேண்டும். ஹனபீ மத்ஹபின் மூலக் கருத்துப்படி, பயன் தனியொரு பொருளாகாது. பொதுவாக ஈடு இல்லை. ஆயினும், வக்பு சொத்து, அநாதையின் சொத்து, வாடகைக்கென்றே வைக்கப்பட்ட சொத்து ஆகிய மூன்றுக்கும் ஈடு உண்டென்று பிற்கால ஹனபீ அறிஞர்கள் விதிவிலக்கு அளித்தனர். ஈடு உண்டா இல்லையா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அச்செயல் குற்றம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டவர்களே.

நாம் ஈண்டுத் தீர்ப்பு வழங்க முற்படவில்லை. சட்டம் ஈடு கேட்கவில்லை என்பது வேறு; செய்தது சரி என்பது வேறு என்னும் பாடத்தையே அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவிலும் இதே வேறுபாடு தோன்றியது. 2007-இல் அந்நாட்டின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘பெர்பெக்ட் 10’ என்னும் நிறுவனம் தொடுத்த வழக்கில் ஒரு கருத்தைக் கூறியது: படத்தின் பிரதியைத் தம் கணினியில் வைத்திருப்பவரே அதனை நேரடியாகக் காட்டியவர், பிறர் கணினியிலிருந்து வரும்படி இணைப்பு மட்டும் கொடுத்தவர் அவ்வாறாகார் என்பது அது. பதிப்புரிமை பற்றிய கேள்விக்கு அது விடையாகலாம். பிறர் செலவில் நாம் விளக்கேற்றிக்கொள்ளலாமா என்னும் கேள்விக்கு அது விடையாகாது.

“பொதுவெளியில் வைத்தவர் அவர்தானே; இணைப்புக் கொடுப்பதே இணையத்தின் உயிர் அன்றோ?” என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு வழி காட்டி, “இங்கே சென்று பாருங்கள்” என்று இணைப்புக் கொடுப்பது நற்செயலே. அது விருந்தினரை அவர் வீட்டு வாசலுக்கு அனுப்புவதாகும். அங்கே அவர் பெயரைக் காண்பார்கள். அவர் சொல்வதைக் கேட்பார்கள். படத்தை மட்டும் உருவி நம் பக்கத்தில் காட்டுவதோ, அவர் அடுக்களையிலிருந்து உணவை வரவழைத்து நம் வீட்டுப் பந்தியில் பரிமாறுவது போன்றது. உண்பவர் நம்மை வாழ்த்துவார்; சமைத்தவரை அறியார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று உரியவரே சொல்லியிருந்தால் தடையில்லை. ‘விக்கிமீடியா காமன்ஸ்’ போன்ற பொதுக் களஞ்சியங்கள் தம் படங்களைப் பிறர் பயன்படுத்தவே வைத்திருக்கின்றன. ஆங்கும், படைத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டுமென்று உரிமம் கேட்குமிடத்து, அதனைச் செய்வதே கடன்.

தீங்கிழைக்கப்பட்டவருக்கும் ஒழுக்கம் உண்டு. 2007 மார்ச்சில், அந்நாளில் அமெரிக்கச் செனட்டராக இருந்த ஜான் மெக்கெயினின் ‘மைஸ்பேஸ்’ பக்கத்தை அமைத்தவர்கள், மைக் டேவிட்சன் என்பவர் இலவசமாக வழங்கிய பக்க வடிவத்தை அவர் பெயர் குறிப்பிடாமல் எடுத்துக்கொண்டார்கள். படம் ஒன்றும் அவருடைய வழங்கியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இதைக் கண்ட அவர், தம் கணினியில் இருந்த படத்தை மாற்றி, செனட்டர் ஒரு கொள்கையில் தம் நிலையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டதாக அறிவிக்கும் வாசகத்தை அங்கே வைத்துவிட்டார். செனட்டரின் பக்கத்திலேயே அது தோன்றியது. உலகம் சிரித்தது. இரவல் பெற்றவருக்குத் தக்க பாடம் என்று பலர் மகிழ்ந்தனர். ஆயினும், நம் படத்தைத் தர மறுப்பது நம் உரிமை. பிறர் பெயரால் அவர் சொல்லாததைச் சொல்வது நம் உரிமையாகுமா? கதவைச் சாத்துவதற்கும் வந்தவர் உணவில் உப்பை அள்ளிக் கொட்டுவதற்கும் வேறுபாடு உண்டன்றோ? அதிலும், ஏமாந்து படித்தவர்கள் எக்குற்றமும் செய்யாத வாசகர்கள்.

அவ்வாசகர் நிலையை எண்ணும்போதுதான் இரண்டாவது கேள்வியான உலாவியின் தேர்வுக்கு நாம் வந்து சேர்கிறோம். நம் பக்கத்தில் பிறர் தளத்துப் படம் ஒன்றை வைத்தால், நம்மிடம் வந்த விருந்தினரின் உலாவி அவருக்குத் தெரியாமலே அத்தளத்துக்கும் சென்றுவருகிறது. அவருடைய இணைய முகவரி அங்கே பதிவாகலாம். எங்கிருந்து வந்தார் என்னும் செய்தியும் உடன் செல்லக்கூடும். ‘குக்கி’ என்னும் அடையாளத் துணுக்கு அவர் கருவியில் இடப்பட்டு, அவர் செல்லும் பிற இடங்களிலும் அவரைத் தொடரலாம். விருந்தினரின் பெயர்ப் பட்டியலைத் தெருவில் போவோரிடம் கொடுக்கும் வீட்டுக்காரரை நாம் என்னவென்று சொல்வோம்?

இத்தகைய துணுக்குகளைத் தடுப்பதா அனுமதிப்பதா என்பதை உலாவியே முடிவு செய்கிறது. ஆப்பிளின் ‘சபாரி’ 2020-இல் பிற தளங்களின் துணுக்குகளை முற்றாகத் தடுத்தது. மொசில்லாவின் ‘பயர்பாக்ஸ்’ 2022-இல் ஒவ்வொரு தளத்தின் துணுக்கையும் தனித்தனிக் கலயத்தில் அடைத்து, ஒன்று மற்றொன்றை அறியாதபடி செய்தது. கூகுள், தன் ‘குரோம்’ உலாவியிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக 2020-இல் அறிவித்து, 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. கூகுளின் பெருவருவாய் விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதையும், பயர்பாக்ஸின் வருவாயில் பெரும்பகுதி கூகுளின் தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். எந்த வண்டியும் குறையற்றதன்று. ஆனால், வண்டிக்காரரின் தொழில் யாது என்று கேளாமல் ஏறிக்கொள்வது அறிவுடைமை ஆகாது. வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தும் கருவியாயின் இக்கேள்வி இன்னும் கடமையாகிறது.

நம் உலாவியை நாம் தேர்வது நம் உரிமை. அதே உரிமை நம் விருந்தினருக்கும் உண்டு. தென்கொரியாவில் 1999-இல் மின்கையொப்பச் சட்டம் வந்தபின், வங்கி அலுவல்களுக்கான சான்றிதழ் மைக்ரோசாப்டின் ‘ஆக்டிவ்எக்ஸ்’ என்னும் நுட்பத்தைச் சார்ந்து அமைந்தது. அதனால், ‘இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்’ அல்லாத உலாவியைக் கொண்டவர் தம் பணத்தையே இணைய வழியில் எடுத்தாள முடியாமல் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். அச்சான்றிதழின் தனிச்சிறப்பு 2020 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. நம் தமிழும் இதனை அறியும். 1990-களின் பிற்பகுதியில் தமிழ்த் தளங்கள் பல தத்தமக்கென்று எழுத்துருவை வைத்திருந்தன. ஒன்றைப் படிக்க உதவியது மற்றொன்றில் வெறும் கிறுக்கலாய்த் தெரியும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடும், பின்னர் ஒருங்குறியும் அத்துன்பத்தைப் படிப்படியாகக் குறைத்தன. இன்று நம் ஜமாஅத்தின் தளம் விலையுயர்ந்த புதுக் கைப்பேசியில் மட்டும் திறக்குமாயின், பழைய கருவி வைத்திருக்கும் கைம்பெண்ணும், திரைவாசிப்பானின் உதவியால் கேட்டறியும் பார்வையற்றவரும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். அவர்கள் நம்மிடம் வந்து முறையிடுவதில்லை, பேசாமல் திரும்பிவிடுகிறார்கள்.

ஆகவே, வாசகப் பெருமக்களே, செய்யத்தக்கவை சிலவே. பிறர் படம் வேண்டுமாயின் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் படத்தை நம் தளத்திலேயே வைத்து, செலவை நாமே ஏற்று, உரியவர் பெயரை எழுத வேண்டும். கிடைக்காவிடில், அவர் பக்கத்துக்கு வழி மட்டும் காட்டினால் போதும். நம் படத்தைப் பிறர் இணைத்திருக்கக் கண்டால், முதலில் ஒரு மடல் எழுதுவோம். அறியாமல் செய்தவர்களே பலர். கேளாவிடில் கதவைச் சாத்துவோம். பழி தீர்க்க வேண்டாம். உலாவியைத் தேரும்போது அதன் பின்னால் இருப்பவர் யாரென்று அறிந்து தேர்வோம். நம் பக்கத்தை எந்த உலாவியில் வருவோரும் படிக்கும்படி அமைப்போம்.

இவற்றைச் செய்யாவிடினும் நம்மை எவரும் பிடித்து நிறுத்தப் போவதில்லை. படத்துக்கு உரியவர் நம் பெயரை அறியார். திரும்பிச் சென்ற வாசகரை நாம் அறியோம். ஆயினும், பிறருக்குரியது சிறிதென்றோ, கேட்பார் இல்லையென்றோ அதன் மீதுள்ள உரிமை நீங்கிவிடுவதில்லை. காணாதவருக்கும் நம்மீது ஹக்கு உண்டு.