ஓய்வும் ஒளிப்படமும்

உழைக்கும் மனிதருக்கு ஓய்வு என்பது வேலையற்ற பொழுது மட்டுமன்று. யாருக்காக உழைக்கின்றனரோ அவர்களோடு கூடியிருக்கும் உரிமையுமாகும். அவ்வுரிமை வாய்க்கும் சில நாட்களையும் தாயோ தந்தையோ கமராவின் பின்னே நின்று கழிப்பரெனின், அதனைச் சில்லறை விடயமென ஒதுக்கிவிட இயலாது. அது மனித உறவு பற்றிய ஓர் ஒழுக்கப் பிரச்சினை. அதனை ஆராய்வதற்கு அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காவைவிடப் பொருத்தமான களம் வேறில்லை எனலாம்.

அப்பூங்காக்களுள் புகழ்பெற்ற டிஸ்னிலாந்து, கலிபோர்ணியாவின் ஆனகைம் நகரில் 1955 ஜூலை 17ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் தோற்றம் பற்றி வோல்ட் டிஸ்னி கூறிய செய்தியொன்று சிந்திக்கத்தக்கது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிறிபித் பூங்காவில் தம் மகளிர் இருவரும் குடைராட்டினத்திற் சுற்ற, தாம் வாங்கொன்றிற் சும்மா அமர்ந்திருந்ததாகவும், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழத்தக்க இடமொன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்ததாகவும் அவர் கூறினார். இதில் வணிகரின் சாதுரியம் கலந்திருக்கலாம். ஆயினும் அவர் கண்ட குறை உண்மையானது. பிள்ளைகள் விளையாடினர், பெற்றோர் பார்வையாளராயினர். அந்த வாங்கினை அகற்றவென்று எழுந்த பூங்காவுக்குள் கமரா புதியதொரு வாங்கினைக் கொண்டு சென்றது என்பதே நாம் கூற விழைவது.

கமராவைப் பழிப்பது நமது நோக்கமன்று. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் விற்பனைக்கு விட்ட கொடக் கமராவின் விலை 25 டொலர். அதனுள் நூறு படங்களுக்கான சுருள் இருந்தது. 1900இல் வந்த பிறவுணி கமராவின் விலையோ ஒரேயொரு டொலர். செல்வரின் சுவர்களை மட்டும் அலங்கரித்த குடும்ப உருவம் சாதாரண மக்களின் வீடுகளிலும் இடம்பெறலாயிற்று. குடும்பம் தன் ஒற்றுமையைத் தனக்கே உறுதிப்படுத்திக் கொள்ளும் சடங்காகப் படப்பிடிப்பு விளங்குவதைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் போர்தியூவும் அவர்தம் துணைவரும் 1965இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினர். பிள்ளையின் முதற் பல்லையும் பாட்டியின் கடைசிச் சிரிப்பையும் பேணிவைக்க விரும்பும் மனத்தை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை.

ஆயின், சடங்கு இருக்குமிடத்தில் வணிகமும் வந்துவிடுகின்றது. இங்கு நின்று படம் எடுங்கள் எனச் சுட்டும் பலகைகள் கொடக்கின் பெயரைத் தாங்கி டிஸ்னி பூங்காக்களில் நெடுங்காலம் நின்றன. 2012 ஜனவரியில் அக்கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பலகைகளிலிருந்து அதன் பெயர் மறைந்தது, வழக்கம் மறையவில்லை. பூங்காவின் ஊழியர் எடுக்கும் படங்களைப் பார்வையாளருக்கு விற்கும் ஏற்பாடு புளோரிடாவின் டிஸ்னி உலகில் 2004இல் வந்தது. எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்பொழுது சிரிப்பது என்பனவெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுள்ளன. நினைவு கூடப் பொதிசெய்யப்பட்ட பண்டமாகின்றது.

இத்துணை ஆவலோடு மக்கள் படம் எடுப்பது ஏன்? அவர்களது ஓய்வு அத்துணைக் குறுகியது என்பதே முதற் காரணம். சம்பளத்துடன் கூடிய விடுமுறை பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1936இல் உருவாயிற்று. அதே ஆண்டில் பிரான்சின் தொழிலாளர் இரு வார விடுமுறையைப் போராடிப் பெற்றனர். ஐக்கிய அமெரிக்காவிலோ, தனியார் துறையினருக்கு அத்தகைய விடுமுறையை உறுதிசெய்யும் சமஷ்டிச் சட்டம் இன்றும் இல்லை. நெடுநாட் சேமித்த பணத்தில் சில நாட்களை வாங்கி வரும் குடும்பம், வரிசைகளில் நின்று அந்நாட்களையும் இழக்கின்றது. கைநழுவும் பொழுதுக்கு அத்தாட்சி வேண்டும் என்ற தவிப்பு அங்கே எழுகின்றது. உழைப்பிற் பழகியவர்க்கு ஓய்வில் ஏற்படும் மனவுறுத்தலைப் படம் எடுத்தல் தணிக்கின்றது என 1977இல் சூசன் சொண்டாக் எழுதினார். விடுமுறையிலும் ஒரு வேலை தேவைப்படுகின்றது!

விஞ்ஞான ஆய்வுகள் இங்கு நமக்குத் துணைசெய்கின்றன. நூதனசாலைப் பொருட்களைப் படம் எடுத்தோர், வெறுமனே பார்த்தோரைவிடக் குறைவாகவே அவற்றை நினைவிற் கொண்டிருந்தனர் என்பதை உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்டார். ஆயின் 2016இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, படம் எடுத்தல் கவனத்தை ஈர்த்து மகிழ்ச்சியைக் கூட்டுவதையும், செய்யும் காரியத்துக்கே அது இடையூறாகுமிடத்து அந்நன்மை கிட்டாமையையும் காட்டியது. அதே ஆய்வாளர்கள் 2018இல் மேலும் ஒன்றைக் கண்டனர்: பிறருக்குக் காட்டுவதற்கென எடுப்போரின் மகிழ்ச்சி, தமக்கென எடுப்போரின் மகிழ்ச்சியிலும் குறைந்திருந்தது. இவை முரண்பட்ட முடிபுகள் அல்ல. கவனம் எங்கே செல்கின்றது, படம் யாருக்காக எடுக்கப்படுகின்றது என்பனவே கேள்விகள்.

ஒழுக்கப் பிரச்சினையின் மையமும் இதுவே. பிள்ளையின் முகத்தை விரும்பிப் பார்ப்பவர் அதனைப் படமாகவும் பேணலாம். அங்கே படம் அன்பின் விளைவு. படத்திற்காகப் பிள்ளையைச் சிரிக்கப் பணிப்பவரோ அன்பையே மூலப்பொருளாக்குகின்றார். களைத்தழும் குழந்தையை மீண்டும் மீண்டும் நிறுத்தி வைக்கும் பொழுது, அங்கில்லாத பார்வையாளருக்காக அங்கிருக்கும் மனித உயிர் வருத்தப்படுகின்றது. இன்னோர் அநீதியும் உண்டு. படம் எடுப்பவர் படத்தில் இல்லை. குடும்பத்தின் நினைவைப் பேணும் பொறுப்பு முழுவதையும் ஒருவர்மீதே சுமத்தினால், அவர் அந்நினைவிலிருந்தே நீக்கப்படுகின்றார். ஆகவே கமரா கைமாற வேண்டும். பிள்ளையின் கையிலும் அது இருக்கட்டும். பிள்ளை எதைப் பார்க்கின்றது என்பதை அப்பொழுதாயினும் நாம் அறிவோம். சில படங்களின் பின் கைத்தொலைபேசி பைக்குள் உறங்கட்டும்.

எனினும், தனிமனிதரின் கட்டுப்பாட்டினால் மட்டும் இப்பிரச்சினை தீர்ந்துவிடாது. ஆண்டில் மூன்று நாள் மட்டுமே தன் மக்களைக் கண்குளிரப் பார்க்கக் கிடைத்தவரிடம், படம் எடாதே என்று போதிப்பது எளிது, நியாயமன்று. பொழுது நிறைந்திருக்கும் வாழ்வில் பொழுதைச் சிறைப்பிடிக்கும் தவிப்பு தானே குறையும். கமராவைத் தாழ்த்தும்படி பெற்றோரைக் கேட்கும் நாம், அவர்களுக்குரிய ஓய்வையும் அவர்களுக்காகச் சமுதாயத்திடம் கேட்டாக வேண்டும்.